டேப் மாஸ்டரும் இஞ்சித் தேத்தண்ணியும்

சமையலை அங்குலத்தில் அளந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் மாத்தளையில், எனக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். பெயர் என்னவோ இருந்தது. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கியதால் ஊருக்கே அவர் டேப் மாஸ்டர். குளிக்கப் போகும்போதாவது கழற்றுவாரா என்று நானும் மூன்றாவது அறைக் கண்டக்டரும் ஒருநாள் கிணற்றடியில் ஒளிந்து நின்று பார்த்தோம். கழற்றவில்லை. துவாயை மட்டும்தான் கழற்றினார். நாங்கள் ஓடி வந்துவிட்டோம்.

திருகோணமலை வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வரிசை வீட்டில் மூன்று அறைகள், மூன்று ஆண்கள், பின்பக்கம் ஒரே அடுப்படி. முதல் அறையில் மாஸ்டர். யட்டவத்தப் பக்கத்தில் குடும்பம். வெள்ளியும் சனியும் அங்கே போய்விட்டு, மற்ற ஐந்து நாளும் தையற்கடைக்காக டவுனில் இருப்பார். நடு அறையில் நான். மிளகும் கொக்கோவும் வாங்கி அனுப்பும் கடையில் மூட்டைகளுக்கு விலாசம் எழுதுகிற வேலை. வெளியில் கேட்டால் கிளார்க் என்று சொல்லிக்கொள்வேன். மூன்றாவது அறையில் வஹகோட்டை ஊர்க்காரரான பஸ் கண்டக்டர். சிங்களவர், தமிழ் பேசினால் டிக்கெட் கிழிப்பதுபோல் துண்டு துண்டாக வரும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரிசிக்கு வரிசை, பாண் ரொட்டிக்கு வரிசை, பருப்பு என்ன நிறம் என்பதே மறந்துபோயிருந்தது. வரிசையில் நிற்காமல் கிடைத்தவை மரவள்ளியும் ஈரப்பலாவும் பலாக்கொட்டையும்தான். ஒரு மாதம் இவற்றை அவித்துத் தின்று நாக்குச் செத்துப்போன நிலையில் நான்தான் வாயைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவர், இதுவரை யாரும் சமைக்காத ஒன்றைச் சமைக்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்தவன் அந்த வாரம் முழுக்கச் சட்டி பானை கழுவ வேண்டும். மாஸ்டர் இதைத் தன் அளவுப் புத்தகத்தில், யாரோ ஒருவருடைய காற்சட்டை அளவுக்குக் கீழே எழுதி எங்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

முதல் ஞாயிறு அவருடையது. குரக்கன் ரொட்டி. மாவைத் தட்டி, நாடாவால் ஆறு அங்குலம் அளந்து, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினார். இரண்டாவது முறை அவர் செய்தது உள்ளே மசாலா அடைத்த முழு ஈரப்பலாக்காய். அடைத்தவர் சும்மா விடவில்லை; நூலும் ஊசியும் கொண்டு வாயைத் தைத்துவிட்டார். கண்டக்டர் மென்றுகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, வாயிலிருந்து ஒரு சட்டைப் பட்டனை எடுத்தார்.

"மாஸ்டர், இது என்ன மாஸ்டர்?"

"ஸ்பேர் பட்டன்" என்றார் மாஸ்டர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "நான் தைக்கிற எல்லாத்துலயும் ஒண்ணு வெச்சிருப்பேன்."

கண்டக்டரின் சமையல் வேறு வகை. சட்டி நிறைந்த பிறகுதான் அவருக்கு உற்சாகம் வரும். பப்பாசிக்காயைப் போட்டுக் கரண்டியால் குத்தி, "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க, முன்னுக்கு இடம் இருக்கி" என்று அதட்டி, மேலும் ஒரு கை கீரையை ஏற்றுவார்.

என் கைவண்ணத்தையும் சொல்லத்தான் வேண்டும். பருப்பு இல்லாத காலத்தில் பலாக்கொட்டையை அரைத்து வடை சுட்டேன். மாஸ்டர் ஒன்றை எடுத்து விரலுறையால் தட்டிப் பார்த்தார். "கான்வாஸ் துணிக்கே ஊசி எறங்கும் தம்பி, இதுக்கு எறங்காது" என்றார். ஆனாலும் விதி விதிதான். அவர் மூன்று தின்றார், நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு. கண்டக்டர் ஒன்றோடு எழுந்துபோய் அந்த வாரம் முழுவதும் மகிழ்ச்சியாகச் சட்டி கழுவினார். மிஞ்சிய வடைகளில் ஒன்று, காற்றில் அடித்துக்கொள்ளும் என் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி தைப்பொங்கல் வரை உழைத்தது.

அந்த வடை சுட்ட நாளில்தான் ராஜேஸ்வரியைப் பார்த்தேன். மேலே தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மூத்த மகள். அப்பாவின் காற்சட்டை இடுப்பு இறுக்கமாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் கொடுக்க வந்தவள், அடுப்படியிலிருந்து புகையோடு புகையாக இருமிக்கொண்டு வெளியே வந்த என்னைக் கண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் கரி, கையில் கரண்டி. அந்தக் கோலத்தில் இருப்பவனுக்குக் காதல் வரக்கூடாது. எனக்கு வந்தது. அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டு, கப்பலேறும் நாளை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறது என்று மாஸ்டர் பிறகு சொன்னபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இருந்தால்தானே என்று கண்டக்டர் கேட்டார்.

இரண்டு வாரம் நான் சொல்லாமல் வைத்திருந்ததை மாஸ்டர் எப்படியோ அளந்துவிட்டார். இடுப்புத் தளர்த்திய காற்சட்டையை வாங்க வந்த பெரிய கிளாக்கரிடம் பேச்சைத் தொடங்கி, எனக்கு இங்கே பிரஜாவுரிமை இருக்கிறது, மகளை இங்கேயே கட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாமே என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"வாற ஞாயித்துக்கெழம பகல் சாப்பாட்டுக்கு வாறாரு. நீ சமைக்கிறதப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாராம்."

"நான் சமைக்கிறதையா? மாஸ்டர், நான் நல்லா சமைப்பேன்னு ஏன் சொன்னீங்க?"

"பொடியனுக்கு என்ன தெரியும்னு கேட்டாரு. வேற என்னத்தச் சொல்ல?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

மரவள்ளியில் பிரியாணி என்று முடிவாயிற்று. கிழங்கை அரிசி மாதிரிப் பொடியாக நறுக்கி, மஞ்சள் போட்டு, தேங்காய்ப் பாலும் ஏலமும் கராம்பும் ரம்பை இலையும் சேர்த்து. மாஸ்டர் விடிந்தும் விடியாததுமாக நாடாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டும் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று வெட்டித் தள்ளினார். பிரியாணி என்றால் இஞ்சி வேண்டும் என்று கண்டக்டர் ஒரு துண்டை நீட்டினார். நான் பதறிப்போய்ப் பிடுங்கினேன். மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் நஞ்சு என்பது இலங்கையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். "மாமனாரைக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்று அவரைத் திட்டி, அந்தத் துண்டை ஜன்னலோரம் பத்திரமாக வைத்தேன். இவ்வளவு புத்திசாலியாக நான் நடந்துகொண்டது அன்று அந்த ஒருமுறைதான்.

பெரிய கிளாக்கர் வெள்ளைச் சட்டையும் தடுமலுமாக வந்தார். வாசலிலேயே நான்கு தும்மல். மாஸ்டரின் முன்னறையில் சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டாவது வாய்க்குப் பிறகு பார்க்கவில்லை, சாப்பிட்டார். மறுபடியும் தட்டை நீட்டினார்.

"அரிசியே வேணாம் போலிருக்கே தம்பி. எங்க படிச்சீங்க இத?"

நான் தரையில் இல்லை. மாமா என்று கூப்பிட வாய் துறுதுறுத்தது. அடுப்படிக்கு ஓடினேன், சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்ற. முன்னறையிலிருந்து தும்மல் சத்தம் கேட்டது. பாவம் மனுஷன், தடுமலுக்கு இதமாகக் கொடுத்தால் இன்னும் ஒரு படி மேலே போய்விடலாம் என்று நினைத்தேன். கண் ஜன்னலோரம் போனது. அங்கே இருந்ததை எடுத்தேன், தட்டினேன், கேத்தலுக்குள் போட்டேன். தேத்தண்ணியை மாஸ்டர்தான் வந்து முன்னறைக்கு எடுத்துப் போனார். எல்லோரும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். நானும் நன்றாகக் குடித்தேன்.

கண்டக்டர்தான் கோப்பையை மூக்கருகே பிடித்தபடி நின்றுவிட்டார்.

"மச்சாங், இது என்ன வாசம்?"

பெரிய கிளாக்கர் தன் காலிக் கோப்பையைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார்.

"யாரு இதுல இஞ்சி போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். 'நான்' என்ற ஒரு சொல் வந்திருந்தால் போதும். காற்று மட்டும்தான் வந்தது. ராஜேஸ்வரி கப்பலேறிப் போவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"நான்தான் போட்டேன் கிளாக்கரய்யா" என்றார் மாஸ்டர். "தும்மிட்டு இரிந்தீங்களே. நெனவில்லாமத் தட்டிப் போட்டுட்டேன். அல்லா, எனக்கு ஏன் இந்தப் புத்தி போச்சு!"

"தெய்யனே!" என்று கண்டக்டர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

"பஸ் வேணாம்!" மாஸ்டர் கத்தினார். "குலுங்கினா ரெண்டும் கலந்துரும். நடந்து போவோம். மெதுவா."

அன்று மாத்தளை டவுனில் ஒரு ஊர்வலம் நடந்தது. தலையில் தண்ணீர்க் குடம் சுமப்பவர்களைப் போல நான்கு ஆண்கள் வயிறு அசையாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். நூறடிக்கு ஒருமுறை மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, பெரிய கிளாக்கரின் வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டு அளந்தார், ஊதுகிறதா என்று.

"முப்பத்தெட்டு. ஏறல்ல. நடங்க."

முத்துமாரியம்மன் கோவில் முன்னால் வந்தபோது பெரிய கிளாக்கர் கும்பிட்டுவிட்டு, என் கையைப் பிடித்தார். வெயிலில் வேர்த்த கை.

"தம்பி, எனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்தப் புள்ள தெரியாத ஊர்ல போயி என்னா செய்யும்?"

"நான் பாத்துக்கிறேங்க மாமா" என்றேன். அதே தேத்தண்ணி என் வயிற்றிலும் இருந்தது என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"முப்பத்தெட்டரை!" என்று மாஸ்டர் அலறினார். பிறகு, மடித்து விட்ட வேட்டிக் கொசுவத்தையும் சேர்த்து அளந்துவிட்டதாகத் தெரிய வந்தது.

டாக்டர் எங்கள் கதையை முழுதாகக் கேட்டார். கிழங்கு எப்போது பிடுங்கியது, மூடாமல் அவித்தீர்களா, கசந்ததா என்று விசாரித்தார். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, நாக்கையும் நாடியையும் பார்த்தார். கடைசியில், "புதுக் கெழங்கு, நல்லா அவிஞ்சிருக்கு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. பயத்தத் தவிர" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் பெரிய கிளாக்கர் எங்களை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தார். எனக்கு அது ஆஸ்பத்திரிப் பெஞ்சின் அரை மணி நேரத்தைவிட மோசமாக இருந்தது. பஸ் ஸ்டாண்ட் வந்ததும் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லிப்புட்டேன். கல்யாணத்தன்னிக்கு நீங்க சமையக்கட்டுப் பக்கமே வரப்படாது."

அது சம்மதம் என்று எனக்குப் புரிவதற்குள் பஸ் போய்விட்டது. கண்டக்டர் என்னைத் தூக்கிச் சுற்றினார். மாஸ்டரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

அந்தச் சிரிப்பு ஏன் பிந்தியது என்பது எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குத் தன் கையால், முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலாப்பம் செய்ய வேண்டும் என்று, பேச்சை எடுத்த நாளிலேயே அவர் அளவுப் புத்தகத்தில் படம் வரைந்து வைத்திருந்தார்: ஒன்பது அங்குல விட்டம், மூன்று அங்குல உயரம், இருபது தட்டு. அந்தப் பக்கத்தை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். கல்யாணத்தன்று அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நான் மணவறையில் உட்கார்ந்திருக்க, சமையற்கட்டு வாசலில் அவருக்காகவே ஒரு ஆளைக் காவல் போட்டிருந்தார் மாமா. "இஞ்சி போட்டது அவருதான்" என்று சனங்கள் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவர் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டினார்.

மாமா குடும்பத்தோடு தலைமன்னார் ரயிலேறி இந்தியாவுக்குப் போன பிறகும், அவர் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில் முடிந்தது: அந்த மாஸ்டர் கையால் தேநீர் வாங்கிக் குடிக்க வேண்டாம். நானும் ஒவ்வொரு தடவையும், சரி மாமா என்று பதில் எழுதினேன். அவ்வளவு தைரியசாலி நான்.

என் மகனை முதலாம் வகுப்பில் சேர்க்கிற வருடம், உடுப்புத் தைக்க அவனைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் கடைக்குப் போனேன். பென்சிலைத் தேட அவர் உள்ளே போனபோது மேசையில் பழைய அளவுப் புத்தகம் கிடந்தது. புரட்டினேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இருந்தன. என்னுடைய வடைக்கு எதிரே 'கடினம்' என்று ஒரே சொல். அந்தக் கடைசி ஞாயிறுக்கு இப்படி எழுதியிருந்தார்: 'மரவள்ளிப் பிரியாணி. துண்டு கால் அங்குலம். ருசி முதல்தரம். தேத்தண்ணிக்கு இஞ்சி போட்டது டேப் மாஸ்டர்.'

அந்தப் புத்தகத்தில் அவர் ஒரு நூலளவு பிழையாக எழுதி நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர், இதுல போயி பொய் எழுதலாமா?"

எட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "ஒன் மாமா கடைக்கு வாற போற மனுஷன். தொறந்து பாத்துட்டா? அதான்."

"இப்பதான் அவரு இந்தியாவுல இருக்காரே. மாத்திடுங்களேன்."

"தைச்சு முடிச்சதப் பிரிச்சா துணி கெட்டுப் போகும் தம்பி. புள்ளய நிமிந்து நிக்கச் சொல்லு."

இன்று மாமாவும் இல்லை, மாஸ்டரும் இல்லை. ராஜேஸ்வரியிடம் நேற்றுத்தான் சொன்னேன், இதை எழுதப் போகிறேன் என்று. அதனால் வாசகர்களே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்துகிறேன். இஞ்சி போட்டது நான்தான். என் கல்யாணத்தில் சாப்பிட்டது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. சாப்பிடாமல் போன அந்த வட்டிலாப்பத்தை மட்டும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன், ஒன்பது அங்குலம், மூன்று அங்குலம்.