இடையர்கள் முழித்த குடில்

யாரிடமும் எதையும் கேட்காமல், எல்லாவற்றையும் தானாகவே கற்றுக்கொண்ட மனிதர் என்று ஓர் இனம் உண்டு. ஜிஎஸ்டி சாலை நெடுக, குறிப்பாகக் கூடுவாஞ்சேரிப் பக்கம், இந்த இனம் செழிப்பாக இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். வழி தெரியாமல் ஒரே தெருவை மூன்று தரம் சுற்றுவார், நின்று கேட்கமாட்டார். மிக்சியைப் பிரித்துப் பழுதுபார்த்துத் திரும்பப் பூட்டிய பிறகு கை நிறையத் திருகாணி மிச்சமிருக்கும். ‘கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா வச்சிருக்கான்’ என்பார். மிக்சி ஓடுமா? அது வேறு விஷயம். இந்த இனத்தைக் கேலி செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. நானே அதில் மூத்த உறுப்பினன்; பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்களில் தலைசிறந்தவர் ஏசுபாதம். நான்காம் வகுப்பில் வாத்தியார் அடித்தார் என்று பள்ளிக்கு வெளியே வந்தவர், இன்றுவரை வெளியேதான் இருக்கிறார். அப்பனும் பாட்டனும் பிறத்தியார் வயலில் நாற்று நட்ட அதே மண்ணை மனை மனையாகப் பிரித்து, கல் நட்டு, விற்று, மாடி வைத்த வீடு கட்டி, மகனைப் படிக்கவைத்து, கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சிநேகாவை மருமகளாகக் கொண்டுவந்தவர். பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதுதானே? பட்டுக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம்.

அவர் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு ஒன்று இருக்கிறது, அன்பியம் என்பார்கள். அதன் தலைவி அவர் மனைவி சந்திரம்மா. கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு அன்பியமும் பங்குக் கோயிலில், இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலைப் பொம்மைகளால் காட்டும் குடில் ஒன்று வைக்கும், போட்டி நடக்கும். போன வருடம் குடில்கள் பெருத்துப்போய், திருப்பலிக்கு வந்த ஜனங்கள் ஒட்டகத்தைத் தாண்டிக் குதித்துத்தான் உள்ளே போக முடிந்தது. அதனால் இந்த வருடம் ஃபாதர் ஒரு சட்டம் போட்டார்: குடில் ஒரு மேசைக்குள் அடங்கவேண்டும். அப்படியானால் முழங்கால் உயரப் பழைய சுரூபங்கள் உதவாது. விரலளவுப் பொம்மைகள் வேண்டும்.

“ரெடிமேடா, கலரு போட்டே விக்குது. வாங்கிட்டா வேலை முடிஞ்சிது” என்றார் கூட்டத்தில் எதிர் வீட்டு செல்லம்மா.

நாற்காலி எடுத்துப் போட மட்டும் அழைக்கப்பட்டிருந்த ஏசுபாதம், நாற்காலியோடு நடுக்கூடத்துக்கு வந்தார். “பொம்மைக்குக் கலரு அடிக்கக் கடைக்காரன் எதுக்கு? நான் இல்ல?”

“வூட்டு கேட்டுக்கு அடிச்சப்பவே நாயி வாலு பச்சையாச்சி” என்றார் சந்திரம்மா.

“அது கேட்டு. இது கலை.”

பெண்கள் எல்லோரும் சந்திரம்மாவைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் எவ்வளவு வாரினாலும், நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “செய்வாருமா. நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே நம்மவர், பழைய சுரூபங்களை மூட்டை கட்டிக் கடப்பாக்கத்தில் ஒரு சிற்றாலயத்துக்குத் தானமாகக் கொடுத்து, பின்வாங்கும் வழியையும் தானே அடைத்துவிட்டார்.

சரி, கேட்காதவர் கற்பது எப்படி? புத்தகத்தில்தான்! புத்தகம் போல ஒரு மரியாதையான வாத்தியார் உண்டா? அடிக்காது. ‘இதுகூடவா தெரியாது’ என்று வாயைப் பிளக்காது. போனில் படம் பார்த்து, சின்னஞ்சிறு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டக் கற்றுத்தரும் கனமான, வழவழப்பான புத்தகங்களாக வரவழைத்தார். எல்லாம் இங்கிலீஷ். ஏசுபாதத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். அவரே இதுவரை சொன்னதில்லை. அவர் படங்களைப் படித்தார். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, ‘ம்’ என்று தலையாட்டி, சில இடங்களில் பென்சிலால் கோடுகூடப் போட்டார். எதற்கடியில் கோடு போட்டோம் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும், அதிலும் ஏசுபாதத்துக்குத் தெரியாது.

மாமல்லபுரத்தில் மாவுக்கல்லில் செதுக்கச் சொல்லி வாங்கிய பொம்மைகள் வந்தன. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். வாட்ச் ரிப்பேர்க்காரர் மாதிரி கண்ணில் ஒரு லென்ஸ், கையில் நாலு மயிர் மட்டும் உள்ள தூரிகை, மடியில் துண்டு. மனை பார்க்க ஆள் கூட்டிவரும் மோசஸ் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாத்த, இன்னா பண்ணிகினு கீற?”

“படிச்சிகினு கீறேன்.”

“இந்த வயசுலயா? டென்த்தா, பிளஸ் டூவா?”

“பார்ட்டி வெயில்ல நிக்கிறான், போய்ப் பாரு போ.”

புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போன ஏசுபாதம் ஒரு பக்கத்துக்கு வந்ததும் நின்றார். ஒரே பொம்மையின் முகம் இரண்டு படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. ஒன்றன்மேல் பச்சை டிக். இன்னொன்றன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. நீங்கள் பள்ளிக்கூடம் போனவர். உங்களுக்குப் பெருக்கல் என்றால் தப்பு. மனை விற்றவருக்கு? லேஅவுட் படத்தில் ஒரு மனைமேல் சிவப்பில் பெருக்கல் விழுந்தால், விற்றுவிட்டது என்று அர்த்தம். கிழக்குப் பார்த்தது, முனை மனை, தண்ணீர் இனிப்பு. நல்லதற்குத்தான் முதலில் பெருக்கல் விழும். டிக் என்றால், பார்ட்டி வந்தான், பார்த்தான், ‘யோசிச்சு சொல்றேன்’ என்று பைக்கை எடுத்தான், இனி வரமாட்டான். ஆக, எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பார்?

டிக் போட்ட முகம் இன்னும் அழகாக இருக்கிறதே என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. தரிசைப் பார்த்த பார்வையிலேயே தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்லும் கண் அது. அந்தக் கண்ணை அன்று அவர் நம்பவில்லை. அச்சுப் போட்ட புத்தகத்தைவிட நம் கண் பெரிதா? ஊரில் ஒருவருக்கும் வணங்காத எங்கள் இனம், வழவழப்பான தாளுக்கு மட்டும் விழுந்து கும்பிடும்.

ஆகவே பெருக்கல் போட்டபடியே செய்தார். வண்ணத்தை ஊத்தப்ப மாவு போலக் கெட்டியாக அப்பினார். கண்ணுக்கு முதலில் பெரிய வெள்ளை வட்டம், நட்டநடுவில் கறுப்புப் பொட்டு. இடையர்கள், ராஜாக்கள், இறக்கை வைத்த சம்மனசு, மாடு, கழுதை என்று ஒருவர் பாக்கியில்லாமல் முழித்தார்கள். மனை விலை கேட்ட ஆள் மாதிரி நின்றார் சூசையப்பர். ஏசுபாதம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசல் அப்படியே! குழந்தை இயேசு மட்டும்தான் பாக்கி. கடலைப் பருப்பளவு முகம். தொடப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் சிநேகா மேசைப் பக்கம் வந்தாள்.

“மாமா, இவங்க எல்லாரும் ஏன் ஷாக் அடிச்ச மாதிரி இருக்காங்க?”

“புக்குல அப்டித்தான் போட்டுக்கீது. பாரு.”

சிநேகா பார்த்தாள். படித்தாள். பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். “மாமா, இது ‘இப்படிச் செய்யாதீங்க’ன்னு போட்ட பக்கம். கிராஸ் போட்டிருக்கே, நீங்க பாக்கலையா?”

“பாத்தேன். பாத்துதான் எடுத்தேன்.”

“மாமா...”

“வெள்ளக்காரனுக்கு அது தப்பு. நமக்கு கரெக்ட்டு.”

சமையலறையிலிருந்து சந்திரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு இடையனை எடுத்தார். இடையன் அவரைப் பார்த்து முழித்தான். அவர் இடையனைப் பார்த்தார். திட்டுவார் என்று ஏசுபாதம் தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை.

“சாயங்காலம் கோயிலுக்கு எடுத்துகினு போவணும். அத்தினி பேரு முன்னால நான் பொறுப்புன்னு சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, இடையனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். சுரண்டி மறுபடி அடிக்க நேரமில்லை. குழந்தை மட்டும் வெள்ளையாக, முகமில்லாமல் கிடந்தது. அதையும் முழிக்கவைத்தால் சந்திரம்மா நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பார்? ஏசுபாதம் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் எந்த அதிகாரி வாசலிலும் நிற்காத கால்களோடு மருமகளின் அறை வாசலில் போய் நின்றார்.

“கண்ணாடிய எங்கியோ வச்சிட்டேன். இத கொஞ்சம் படி.”

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. சிநேகா கண்ணாடியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நானும் எங்கயும் பாக்கல மாமா” என்றாள். புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

படித்துத் தமிழில் சொன்னாள். இவர் ஒவ்வொரு வரிக்கும் “தெரியும், தெரியும், மேல போ” என்றார். மிகச் சிறிய முகத்துக்குக் கண் வரையவே முயலாதீர்கள், கண் இருக்கும் இடங்களில் தண்ணீர் போல் நீர்த்த பழுப்பில் ஒவ்வொரு மெல்லிய கோடு போதும் என்று போட்டிருந்தது. அதற்கு மட்டும் அவர் ‘தெரியும்’ சொல்லவில்லை. “இன்னொரு தபா படி” என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கோடு. குழந்தை தூங்கிவிட்டது.

கோயிலில் குடிலைப் பார்த்ததும் செல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் அதுவும் செய்யவில்லை, வாய்விட்டே சிரித்தார்கள். சந்திரம்மா மேசைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். சிரித்தபடி குனிந்தவர்கள் வைக்கோலுக்குள் பார்த்தார்கள். ராஜாவும் இடையனும் மாடும் கழுதையும் கண் பிதுங்க முழித்துக்கொண்டு நிற்க, நடுவில் அது ஒன்று மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு தானாகத் தணிந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை, “கத்தாத, பாப்பா தூங்குது பாரு” என்று அடக்கினாள்.

பரிசு, மோட்டார் வைத்து அருவி விட்ட வேறொரு அன்பியத்துக்குப் போனது. “யாரு செஞ்சது?” என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் சந்திரம்மா, “எங்க வூட்டுக்காரு” என்றார், கொஞ்சம் உரக்கவே. ஃபாதர் வந்து வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

“ஏசுபாதம், இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?”

ஏசுபாதம் சிநேகாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் மெழுகுவர்த்தியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“புக்கு, ஃபாதர்.”

புத்தகத்தை யார் படித்தது என்று ஃபாதர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்களிடம் கிடையாது.

இப்படியும் ஒரு ஆளா என்று நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ‘எனக்கு இது தெரியாது, சொல்லிக்கொடு’ என்று, அந்தச் சொற்களிலேயே, கடைசியாக யாரிடம் கேட்டீர்கள்? நினைவுக்கு வரவில்லையா? வீட்டில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும், அவர்களைக் கேளுங்கள். அதையும் கேட்க மனமில்லையா? அப்படியானால் வாருங்கள், நாங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறோம்.