பிச்சையம்மாளின் பூண்டுக்காட்டு ஏரி

மேன்மை தங்கிய அரசாங்கம் ஆதாரமில்லாமல் எதையும் செய்வதில்லை. 1961-இல், கொடைக்கானல் பக்கத்து மலையூர் ஒன்றில் பிச்சையம்மாளின் பூண்டுக்காட்டை அது பிடுங்கிக்கொண்டதற்கும் ஆதாரம் இருந்தது. காட்டோரம் கிடந்த சுண்ணாம்புப் பாறைதான் அது.

பாறை ஆராய்ச்சி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து அறிக்கை எழுதினார். பூமி பிளக்கத் தொடங்கிய ஆதிகாலத்தில் இவ்விடம் தாழ்ந்து பள்ளமாயிற்று; பள்ளத்தில் ஏரி நின்றது; ஏரியடியில் படிந்த சுண்ணாம்பே இப்பாறை. நல்ல மனிதர், மனதில் பட்டதை எழுதினார். அதைத் தாலுகா ஆபீசிலும் படிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

ஏரி அரசாங்கச் சொத்து. ஏரிக்குள் பூண்டு போடுவது ஆக்கிரமிப்பு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் நோட்டீசோடு வந்து சேர்ந்தார்.

"ஐயா, பொட்டுத் தண்ணி இல்லீங்களே!" என்றாள் பிச்சையம்மாள். புருஷன் போனபின் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது அந்த அரை ஏக்கர்தான்.

"அது ஏரியின் குற்றமல்ல. எப்போது வற்றியது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாதல்லவா? ஆகவே நீ பிறகு வந்தவள்."

ஏரி இருந்ததென்று ஊரார் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். டீக்கடை மயில்சாமி முந்திக்கொண்டான்.

"அண்ணே, இங்க ஏரி கெடந்ததை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் பிச்சையம்மாள்.

"இல்லத்தா. ஆனா ஏரின்னா படகு விடுவாங்க, தொப்பி போட்ட தொரைமாரு வருவாங்க. என் கடை ஏரிக்கரைக் கடையாயிரும். ஒனக்கும் அங்க கூட்டுற சோலி வாங்கித் தாரேன்."

முற்றாத பூண்டைப் பிடுங்கிக் கூடையில் அள்ளினாள் பிச்சையம்மாள். ஊரோ படகுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஆபீசார் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைப் படித்து முடித்தார்கள். சுவாமிநாதன் மறுபடி வந்தார்.

"கரை எங்கிட்டுங்க வருது?" மயில்சாமி ஆசையாகக் கேட்டான்.

"நாலா பக்கமும் பன்னிரண்டு மைல் தள்ளி. உன் கடை ஏரிக்கு நட்டநடுவே இருக்கிறது."

ஊர் முழுவதற்கும் நோட்டீஸ். இந்த முறை சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒருவனும் கதவைத் திறக்கவில்லை. நேரில் கண்டவர் கிடைத்தால் ஒருவரே போதும் என்று விதியில் இருந்தது.

பிச்சையம்மாள் கூப்பிடாமலே வந்து கட்டைவிரலை நீட்டினாள்.

"ஊரு பூராம் கழுத்தளவு கெடந்துச்சுங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கண்ணால் கண்ட சாட்சி" என்று எழுதிக்கொண்டார்.

"ஐயா வீடு இங்கேயிருந்து எத்தனை மைலுங்க?"

"பதினொன்று" என்றார் சுவாமிநாதன், எழுதுவதை நிறுத்தாமல்.