பெண் பார்க்கப் போன கேமரா

எங்கள் கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்புவதைவிட, ஒரு கேமராவை விழுங்குவது சுலபம். இரண்டையும் ஒரே நாளில் முயன்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கல்யாண வயதில் எனக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது. மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. மிச்சமிருந்தது குழாய் எட்டாத சிறுகுடல். ஆர்.எஸ்.புரத்து டாக்டர் மாத்திரை மாதிரி ஒரு கேமராவைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். அது உள்ளே நகர்ந்தபடி படம் எடுக்க, இடுப்பில் கட்டிய பெட்டி அதைப் பதிவு செய்யும். மத்தியானம் வரை தண்ணீர் மட்டும்தான், எங்கே வேண்டுமானாலும் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம் என்றார்.

அந்த ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குக் காலையில்தான் சூலூரில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. (பையன் வெளுத்துப்போய் இருக்கிறான் என்று ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. வைத்தியம் நடப்பது தெரிந்தால் இதுவும் அம்பேல்.)

பெண் கவிதா, தட்டு நிறைய நெய் மினுங்கும் ஒப்பிட்டோடு வந்தாள். (மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பார்கள், பாவம்.) இப்பத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகம் வாடிவிட்டது. அம்மா என் காதருகே குனிந்தார்.

“வேண்டாம்னு சொல்லிப்போடாத கண்ணு. பொண்ணு புடிக்கலையாக்கும்னு நெனச்சுக்குவாங்க.”

சாப்பிட்டேன். எடுக்க எடுக்க வைத்தார்கள். வைக்க வைக்கச் சாப்பிட்டேன். பட்டினி கிடந்த வயிறு வேறு, வெட்கமே இல்லாமல் ஒத்துழைத்தது.

அப்போது பார்த்து, என் வெள்ளைச் சட்டைக்குள் பெட்டியின் நீல விளக்கு மினுக்கியது. பெண்ணின் தாய்மாமா அது என்ன என்று கேட்டார். செல்போனுங்க என்றேன். டீப்பாய் மேல் இருந்த என் செல்போன் உடனே மணியடித்தது.

நல்லவேளை, தனியாகப் பேசச் சொல்லி எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். கவிதா சுற்றி வளைக்கவில்லை.

“ஏனுங்க, இடுப்புல என்னதுங்க அது?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தச் சம்பந்தமும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

“சாப்பிடக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குங்க அத்தன ஒப்பிட்டு?”

“வேண்டாம்னா உங்களப் புடிக்கலைன்னு ஆயிருமுங்களே.”

அவள் சிரித்துவிட்டாள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டு முடிவு சொல்வதாகச் சொன்னாள்.

டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்ல? சாயங்காலம் போனதும் திரையைக் காட்டினார். குடலையே காணோம். மஞ்சள் மஞ்சளாகப் பருப்புப் பூரணம், நடுநடுவே தேங்காய்த் துருவல்.

“ஏனுங்க தம்பி, நான் பாக்கோணும்னது சிறுகுடலுங்க. இது பலகாரக் கடையால்ல இருக்குது?”

மறுபடியும் ஒரு கேமரா விழுங்கினேன். இந்த முறை அம்மா என்னை வாசலைக்கூடத் தாண்ட விடவில்லை. சிறுகுடலில் ஒரு புண் அகப்பட்டது, மருந்தில் ஆறியது. கவிதாவும் சரி என்றாள்.

இன்றைக்கும் சாப்பாடு பிரமாதம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், கரண்டியும் கையுமாக நின்றபடி கேட்கிறாள்: “நெசமாத்தானுங்களா? இல்ல, உள்ள கேமரா வுட்டுப் பாத்துரலாமுங்களா?”