பெனியனோடு நின்ற டைப் நானா

புத்தளத்தில் இயந்திரத்துக்கு மரியாதை கொடுத்து, மனிதர்களை இயந்திரமாக நடத்திய ஒரே மனிதர் டைப் நானாதான்.

எங்கள் ஊர்க் கலியாண மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். எந்தக் கமராவின் படம் எந்தத் திரைக்குப் போகும் என்பதை ஓர் இரும்புப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அதில் பதினாறு பொத்தான்கள், எண்ணியிருக்கிறேன். அதை இயக்கும் நானா ஒன்றையும் தொடமாட்டார். மடிக்கணினியில் கட்டளையைத் தட்டெழுதி, பெட்டி ‘ஓகே’ என்று பதில் எழுதும்வரை காத்திருப்பார்.

“அமத்தினா அது பயத்தில செய்யும், ஹாஜியார். எழுதிக் கேட்டா மனசாரச் செய்யும்.”

தேநீர்க் கடையிலும் இதே கதைதான். “பாண் ரெண்டு, மேசை மூண்டு” என்பார். கடைக்காரர் தலையாட்டினால் போதாது. “ஓகே” என்று வாய்திறந்து சொல்லும்வரை விடமாட்டார். ஒருநாள் கடைக்காரர் பிடிவாதமாக வாய்திறக்கவில்லை. நானா ஏழு தரம் சொன்னார். மேசைக்குப் பதினான்கு பாண் ரொட்டி வந்தது.

போன வருடம் என் பேத்தியின் நிக்காஹ். மகனுக்குக் கட்டாரில் லீவு கிடைக்கவில்லை. அவன் சார்பில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்துகொடுக்கும் பொறுப்பு எனக்கு. எங்களில் தகப்பனை வாப்பா என்போம், பாட்டனாரைத்தான் அப்பா என்போம். பேத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்: “வாப்பாதான் இல்ல. அப்பா நீங்க கைகுடுக்கிறதச் சரி நான் பாக்கோணும்.”

பெண்கள் கூடத்தில் இருப்பவள் திரையில்தான் பார்க்கமுடியும். படம் ஒழுங்காகப் போகுமா என்று பயத்தில் நானாவிடம் நான்கு தரம் கேட்டேன்.

“ஓகே எண்டு நாலு தரம் சொல்லிட்டன். பெட்டியே ஒரு தரம்தான் சொல்லும்!”

அந்த வாரம் மண்டபக்காரர் புதுப் பெட்டி வாங்கியிருந்தார். பழையதற்குக் கமராவின் எண்ணை முதலில் எழுதவேண்டும், திரையின் எண்ணைப் பிறகு. புதியதற்கு நேர்மாறு. நானாவின் விரல்களுக்கு அது தெரியாது.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். எங்களைப் பார்த்திருந்த முதலாம் கமராவைப் பெண்கள் கூடத்து இரண்டாம் திரைக்கு அனுப்புவதாக நினைத்து நானா தட்டினார். இரண்டாம் கமரா எங்கள் கூடத்து முதலாம் திரைக்கு வந்தது. மகனுக்கு அனுப்பவென்று பெண்கள் பக்கம் வைத்த கமரா அது!

ஆண்கள் அத்தனை பேரும் ஒரேயடியாகத் தலைகுனிந்தார்கள். நான் மட்டும் ஒரு கணம் பிந்திவிட்டேன். மூன்று காலி வட்டிலப்பக் கோப்பைகளும் நான்காவதை நோக்கிப் போகும் என் மனைவியின் கையும் தெரிந்தன. அவள் சீனி வருத்தக்காரி, இனிப்பே ஆகாது.

நானா ஒரே பாய்ச்சலில் தன் சேட்டைக் கழற்றித் திரைக்குப் படம் வீசும் கருவியின் மேல் போட்டார்.

“பொத்தான அமத்துங்க நானா!” மண்டபக்காரர் அலறினார்.

“மரியாத இல்லாம அமத்தேலா!”

“ஹாஜியார், சொல்லுவமா? கரைத்தீவில இன்னொரு நிக்காஹ் இரிக்கி” என்றார் நிக்காஹ் நடத்த வந்த லெப்பை.

“பொறுங்க லெப்பை. புள்ள பாக்கோணும்.” யாருடைய கை வியர்த்தது என்று தெரியவில்லை, மாப்பிள்ளையினதா என்னுடையதா.

நானா எண்களை மாற்றித் தட்டினார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது: “அப்பா தெரியிறாங்க!”

பேத்தியேதான். நான் சொல்லவேண்டிய வார்த்தைகளை இருமலோடு சொல்லி முடித்தேன்.

கூட்டம் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகும் நானா பெனியனோடு நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் என்ன எழுதுறீங்க?”

“பெட்டிக்கு நன்றி சொன்னன், ஹாஜியார்.”

“அதுக்கு விளங்குமா?”

“பிழை எண்டு பதில் வருது. எண்டாலும் சொல்லாம இரிக்கேலாதே.”

என் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டேன். அதை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.