காற்றில் கை கழுவுகிறவர்

கோழி வளர்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். மீன் வளர்ப்பவரையும் பார்த்திருப்பீர்கள். "வளர்கிறதா?" என்று கேட்டால் அவர்கள் கோழியைக் காட்டுவார்கள், மீனைக் காட்டுவார்கள், தீவனம் விற்கிற விலையைச் சொல்லி அலுத்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு வகை வளர்ப்பாளரைப் பற்றி. இவர் இளைஞர்களை வளர்ப்பவர். "வளர்கிறார்களா?" என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். இளைஞர்களைக் காட்ட மாட்டார். தான் மைக் பிடித்து நிற்கும் புகைப்படத்தைக் காட்டுவார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. சனிக்கிழமை காலையில், வயிற்றுக்கு எட்டாத டீஷர்ட்டைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலும் அடையாள அட்டையும் தொங்க, அக்குளில் சுருட்டிய பேனரோடு, யாரும் துரத்தாமலே ஓட்டமும் நடையுமாகப் போகிறவர் எவரோ, அவர்தான். நாலு பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இவருக்குப் பொறுக்காது. கை தட்டி எழுப்பி வட்டமாக நிற்க வைப்பார். "நீங்கதான் நாளைய தலைவர்கள்" என்பார். இன்றைய தலைவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே இருக்கும் ஒரே நாற்காலியில் அவர்தானே உட்கார்ந்திருக்கிறார்?

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பாம்பின் கால் பாம்பறியும். அந்த அடையாள அட்டையில் இருப்பது என் முகம்தான்.

எங்கள் அமைப்புக்கு மும்முனை இளைஞர் மன்றம் என்று பெயர்; அதன் ஒருங்கிணைப்பாளர் நான். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு மின்சார இணைப்பு கேட்டு ஒருவர் வந்ததும் உண்டு. அறிவியல், ஆரோக்கியம், குடிமைப் பண்பு ஆகியவைதான் அந்த மூன்று முனைகள். பிள்ளைகள் மனத்தில் மூன்றும் பதியட்டும் என்று நானே ராப்பகலாக யோசித்து ஒரு முழக்கம் எழுதினேன். "கேள்! கழுவு! கை தூக்கு!" அறிவியலுக்குக் கேள்வி கேட்க வேண்டும், ஆரோக்கியத்துக்குக் கை கழுவ வேண்டும், குடிமைக்குக் கை தூக்கி வாக்களிக்க வேண்டும். எழுதி முடித்த அன்று எனக்கே என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

முழக்கம் அப்படி, நடைமுறை எப்படி? கேள்வி கேளுங்கள் என்பேன். கேட்டுவிட்டால், "அருமையான கேள்வி, எல்லாரும் கை தட்டுங்க" என்பேன். பதில் தெரியாததை மறைக்க இதைவிடச் சிறந்த வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சர்க்கரையின் தீமையைப் பற்றித் தொண்டை வறளப் பேசிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிப் போய், டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று டீக்கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பேன். படி ஏறினால் இதயத்துக்கு நல்லது என்பதை லிஃப்டில் போகும்போது விளக்குவேன். வரிசையில் நில்லுங்கள் என்று சொல்வதற்காகவே வரிசையின் முன்னால் போய் நின்றுகொள்வேன். ஊருக்குத்தானே உபதேசம்!

மன்றம் நடப்பது பொது நூலகத்தின் மாடி அறையில். நீளமான மேசை, ஒன்றோடொன்று ஒத்துப் போகாத நாற்காலிகள், ஒரு இரும்பு அலமாரி, மூலையில் ஒரு கை கழுவும் தொட்டி. தொட்டிக்கு மேலே அழகான பளபளப்பான குழாய். அதில் தண்ணீர் மட்டும் வராது. எப்போதிலிருந்து வரவில்லை என்பது யாருக்கும் நினைவில்லை. நகராட்சிக் கட்டடம், நகராட்சிதான் சரி செய்ய வேண்டும். நகராட்சியிடம் நான்தான் சொல்ல வேண்டும். நானோ "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் கை கழுவ வேண்டுமென்றால் கீழே இறங்கி, தெருவைத் தாண்டி, டீக்கடையில் கெஞ்சித் தண்ணீர் வாங்க வேண்டும். ஆகவே எல்லாரும் என்ன செய்தார்கள்? கழுவவில்லை.

ஆனால் கை கழுவும் பாடம் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மேசைக்கு முன்னால் நின்று, தண்ணீரும் சோப்பும் இல்லாமல், வெறும் காற்றில், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று படிப்படியாக நான் கழுவிக் காட்டுவதைப் பார்த்தால் நாட்டியம் என்றே நினைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மன்றத்தின் ஆண்டுக் கண்காட்சி நெருங்கியது. நகராட்சிப் பொறியாளர் சிறப்பு விருந்தினர். என் மகளும் மன்றத்தில் இருக்கிறாள். வீட்டில்தான் நான் அப்பா. மன்றத்தில் மற்றவர்களைப் போல அவளும் "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவளுடைய குழு ஒரு சோதனை செய்தது. ரொட்டித் துண்டுகளை வெவ்வேறு கைகள் தொட வேண்டும். தனித்தனிப் பைகளில் போட்டு இறுக மூடி, யார் தொட்டது என்று சீட்டு ஒட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். எதில் எவ்வளவு பூசணம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். யாருமே தொடாத துண்டு ஒன்று. டீக்கடையில் சோப்புப் போட்டுக் கழுவிய கை தொட்டது ஒன்று. பந்து விளையாடிவிட்டு வந்த கை தொட்டது ஒன்று.

அங்கேதான் நான் சொந்தக் காசில் எனக்கே சூனியம் வைத்துக்கொண்டேன். "சுத்தமான கைக்கு ஒரு உதாரணம் வேண்டாமா? என் கையையும் சேருங்க" என்றேன். காற்றில் கழுவிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு ரொட்டியை எடுத்து, இரண்டு பக்கமும் நன்றாக அழுத்தித் தொட்டு, பையில் போட்டேன்.

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை அலமாரியைத் திறந்தார்கள். தொடாத ரொட்டி ரொட்டியாகவே இருந்தது. சோப்புக் கை ரொட்டியும் தேவலை. பந்து ரொட்டியில் அங்கங்கே புள்ளி. கடைசியாக ஒரு பையை வெளியே எடுத்தார்கள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் மெதுவாகச் சொன்னாள்.

"சார், உங்க பிரெட்டுக்குத் தாடி வளந்திருக்கு."

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானும் சிரித்தேன். விஞ்ஞானியின் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, மறுநிமிடமே விஞ்ஞானத்தை ஆராயத் தொடங்கினேன். ரொட்டி பழசாக இருந்திருக்கும் என்றேன். ஒரே பாக்கெட் என்றார்கள். அலமாரியின் அந்த மூலையில் ஈரம் அதிகம் என்றேன். எல்லாம் ஒரே தட்டில்தான் இருந்தன என்றார்கள். பூசணத்திலும் நல்ல பூசணம் உண்டு என்றேன்.

"சரி, ரொட்டி இருக்கட்டும். சீட்டுல என் பேருக்குப் பதிலா 'வெளியாள் ஒருவர்'னு போட்டுடலாம். மன்றத்தோட மானம்னு ஒண்ணு இருக்கு இல்ல?" என்றேன்.

"அது பொய், அப்பா" என்றாள் என் மகள்.

சார் இல்லை, அப்பா. எல்லார் முன்னாலும். ரொட்டி சுடவில்லை, அந்த ஒரு சொல் சுட்டது.

"பேர மாத்தினா நான் கண்காட்சியில பேச மாட்டேன். அந்த பிரெட்ட வச்சுதான் குழாய சரி பண்ணச் சொல்லிக் கேக்கப் போறோம். இன்ஜினியரே வர்றாரு. இத விட்டா வேற எப்ப கேக்கறது?"

விடுவேனா? குடிமைப் பண்பு கைவசம் இருக்கும்போது என்ன பயம்? வாக்கெடுப்பு என்று அறிவித்தேன். மன்றத்தின் பெருமை, பெரியவர்களின் தியாகம் என்று உருக்கமாக ஒரு உரையும் ஆற்றினேன். "மாத்தலாம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றேன். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் "சார் பாவம்" என்று பாதிக் கை தூக்கினாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டாள். "வேண்டாங்கறவங்க?" என்றேன். அத்தனை கைகளும் உயர்ந்து நின்றன. இவ்வளவு நன்றாகக் கை தூக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

"ஒருங்கிணைப்பாளருக்கு இறுதி முடிவு எடுக்கற உரிமை உண்டு" என்றேன்.

"எப்பலேர்ந்து?" என்றாள் மகள்.

"இப்பலேர்ந்து" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள்கூட என்னைவிடக் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

வீட்டில் என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"என்னங்க இது?"

"மன்றத்தோட மானம்."

"மானத்த வேற எங்கயாவது வைங்க. பக்கத்துல பால் இருக்கு."

மகள் அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் மட்டும் எனக்கு முன்னால் தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒன்று விடாமல் நிதானமாகக் கழுவுவாள். நான் பின்னால் தட்டோடு காத்து நிற்பேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கண்காட்சி நாளன்று ரொட்டியை என் தோள்பையில் போட்டுக்கொண்டு போனேன். திருந்திவிட்டேன் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். மேடையேறி, "தவறை ஒப்புக்கொள்வதே உண்மையான தலைமை" என்ற தலைப்பில் பேசி, ரொட்டியை வெளியே எடுத்து, நானே கைதட்டல் வாங்கிவிடலாம் என்பது திட்டம். எங்கள் இனம் குழியில் விழுந்தாலும் மைக்கோடுதான் விழும்.

பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். மேசையில் வரிசையாக ரொட்டிகள். கடைசியில் ஒரு காலித் தட்டு. அதன் முன்னால் என் மகள் கையெழுத்தில் ஒரு அட்டை: 'இங்கே இருந்த ரொட்டியை ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.'

இருந்த ரொட்டிகளைப் பொறியாளர் போகிற போக்கில் பார்த்தார். இல்லாத ரொட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏன் எடுத்துட்டுப் போனாரு?" என்று கேட்டார்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. என் மகள் மட்டும் திரும்பவில்லை; தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சமாளித்தால் அவள் அங்கேயே அழுதுவிடுவாள், அதோடு என்னை நம்புவதையும் விட்டுவிடுவாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த உரை அத்தனையும் மறந்து போனது. பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"என் கை தொட்டதுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

அறிமுகத்துக்காகக் கை குலுக்க நீட்டிய கையைப் பொறியாளர் அப்படியே கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். என் மகள் நிமிர்ந்து பேச ஆரம்பித்தாள்.

"சார் எங்களுக்குக் கை கழுவ நல்லாதான் கத்துக் குடுத்தாரு. தண்ணிதான் இல்ல." போய்க் குழாயைத் திறந்து காட்டினாள். குழாய் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான்.

"பாக்கலாம்மா, கண்டிப்பா கவனிக்கறோம்" என்றார் பொறியாளர். அடடா, இவரும் நம்ம ஆள்தான் என்று எனக்குப் பாசமாக இருந்தது.

"எந்தத் தேதிக்குள்ள, சார்?" என்றாள் அவள். பின்னால் எல்லாப் பிள்ளைகளும், யாரும் சொல்லாமலே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தேதி சொல்லும்வரை ஒருவரும் இறக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது. பொறியாளர் போனதும் அவள் "தேங்க்ஸ்ப்பா" என்றாள். மன்றத்துக்குள்தான் நின்றிருந்தோம். சட்டத்தை நான் நினைவூட்டவில்லை.

சொன்ன தேதி தாண்டி இரண்டு முறை பிள்ளைகள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நின்ற பிறகு, குழாயில் தண்ணீர் வந்தது. அன்று கை கழுவும் பாடத்துக்கு வழக்கம் போல நான்தான் முன்னால் நின்றேன். சோப்பு கையை விட்டு வழுக்கி ஓடியது, சட்டை நனைந்தது, கட்டைவிரலுக்கு அடுத்து என்ன என்பது மறந்து போனது. தண்ணீரோடு அதுவரை பழக்கமில்லையே! என் மகள்தான் மீதியைக் கழுவிக் காட்டினாள்.

இதுவரை படித்துவிட்டு, "ஆமாம், எனக்குத் தெரிந்த ஒருத்தர் அச்சு அசல் இப்படித்தான்" என்று நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நானும் என்னைப் பற்றி அல்ல என்றுதான் வெகுநாள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் சின்னவர்கள் யாரிடமாவது சமீபத்தில் "நான் சொல்றத செய்" என்று சொன்னீர்களா? அப்படியானால் ஒரு ரொட்டித் துண்டு வாங்குங்கள். இந்தப் பக்கத்தைப் புரட்டிய அதே கையால் தொட்டுப் பையில் போட்டு மூடி வையுங்கள். சீட்டில் உங்கள் சொந்தப் பெயரையே எழுதுங்கள். வெளியாள் என்று எழுதுவதில் பயனில்லை; நான் எழுதப் பார்த்திருக்கிறேன்.