ஃப்ரிட்ஜில் பிறந்த மகள்

மகளிடம் பிறப்பின் ரகசியத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்த தந்தை என்று, திண்டுக்கல்லின் அறிவியல் வரலாறு பிரபுவின் பெயரைத்தான் முதலில் எழுதும். அந்த எடுத்துரைப்பின் பலனாக அன்று காலை ஆறு வயது வினிதா, வாசலுக்கு வந்துவிட்ட பழைய ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெருவே கூடும்படி அலறிக்கொண்டிருந்தாள்.

"நான் இதுலதான் பொறந்தேன்! இதைத் தூக்கக் கூடாது!"

புதியதை இறக்கிவிட்டுப் பழையதை எடுத்துப் போக வந்த கடைக்காரப் பையன் ஃபாரிஸ், கயிற்றைக் கீழே போட்டான். "சார், எக்சேஞ்சுல இதெல்லாம் வராதே."

சென்ற வாரம் பிரபு ஆற்றிய 'உரை' அப்படிப்பட்டது. கருத்தரிப்பு மையம், பெரிய டாக்டர், கண்ணாடித் தட்டு, உறைநிலைக் கருப் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்னது குழந்தைக்குப் புரியாதே என்று, பெருந்தன்மையோடு அதை 'ஃப்ரிட்ஜ்' என்று எளிமைப்படுத்தியிருந்தார்.

பேத்தியின் காதுகுத்துக்கு நாள் பேச எரியோட்டிலிருந்து வந்திருந்த மாமனார் மலைச்சாமி, காப்பி டம்ளரோடு எழுந்து வந்தார்.

"என்ன மாப்ள சொல்லுது புள்ள? கருப்பசாமி குடுத்த வரம்னுல்ல கெடா நேந்திருக்கோம்?"

அறிவியலின் தூதர் அந்த நொடியே பரம பக்தரானார். "வரந்தான் மாமா. இது ஏதோ டிவியப் பாத்துட்டு உளறுது."

வினிதாவின் அழுகை நின்றது. "அப்ப நான் அருவா வச்சிருக்க சாமிகிட்டயா இருந்தேன்?"

பிரபு மாமனாரைப் பார்த்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும்... கொஞ்சம் கொஞ்சம்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. "அப்ப இந்த ஃப்ரிட்ஜ் மாதிரி என்னையும் வேற யாருக்காச்சும் குடுத்துருவீங்களா?"

பிரபு புது ஃப்ரிட்ஜின் கையேட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

அடுப்படியிலிருந்து மனைவி மணிமேகலை வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்து, மகளின் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"இங்கதாண்டி இருந்த. உதைச்ச உதையில எனக்குத் தூக்கமே இல்ல. யாருக்கும் குடுக்க மாட்டேன்." பிறகு தன் தகப்பனிடம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில வைத்தியம் பாத்துத்தாம்ப்பா தரிச்சுச்சு. சாமியும் கும்பிட்டேன். இதுல என்ன வெக்கம்?"

"எனக்கென்னத்தா வெக்கம்?" என்றார் மலைச்சாமி. "மாப்ளைக்குத்தான் வேர்க்குது."

வினிதா ஃப்ரிட்ஜை விட்டுவிட்டு அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். ஃபாரிஸ் மறுபடி கயிற்றை எடுத்தான்.

பிரபு குரலைத் தாழ்த்தி, ஓர் ஆய்வாளருக்குரிய பணிவோடு கேட்டார்: "மணி, அம்புட்டையும் விளக்கமாத்தானே சொன்னேன். எதுல தப்பு வந்துச்சு?"

"டாக்டரச் சொன்னீக, தட்டச் சொன்னீக, இப்ப சாமியவும் சொல்லிட்டீக. வயித்தக் கிழிச்சுப் பெத்தவளப் பத்தி ஒரு வார்த்த சொன்னீகளா?"