போர்வீல் அண்ணாச்சியும் ஜீப்பின் காதும்

ஒரு வண்டியின் குறையை அந்த வண்டியின் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கோவில்பட்டியில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் அவரிடம் மாதாமாதம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைத்தவன் நான். அந்தக் கையெழுத்தும் ஏற்றத்தில் வண்டி திணறுகிற மாதிரி இருக்குமே தவிர, அதில் எழுத்து என்று எதுவும் கிடையாது. ஊருக்கு அவர் போர்வீல் அண்ணாச்சி, எனக்கும் அவ்வளவுதான்.

நான் அப்போது காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் கோவில்பட்டி ஆபீசில் குமாஸ்தா. கரிசல்காட்டுக்குள் அங்கங்கே நிற்கும் காற்றாலைகள் மக்கர் பண்ணினால் எங்கள் ஆட்கள் போய் மேலே ஏறிச் சரிபண்ண வேண்டும். கோடையில் அந்தப் பாதையில் சைக்கிளில்கூடப் போய்விடலாம். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் போச்சு, நாலு சக்கரத்தையும் எஞ்சின் இழுக்கிற வண்டி இல்லாமல் நடக்காது. அண்ணாச்சியிடம் அப்படி ஒரு பழைய ஜீப் இருந்தது. எங்கள் ஆபீசுக்கு மாத வாடகைக்கு ஓட்டினார். அதுதான் அவர் வீட்டுக்குச் சோறு.

சாதாரணக் காரில் இரண்டு சக்கரம்தான் உழைக்கும், மற்ற இரண்டும் சும்மா கூட உருளும். மனிதர்களும் அப்படித்தான் என்பது அண்ணாச்சியின் கட்சி. எதிர்க்கடை டீ மாஸ்டர் போர்வீல். நான் டூவீல். இதை என்னிடமே சொன்னார். "நீங்க ரோட்டுல நல்லா போவிய தம்பி. ரோடு முடிஞ்சா நீங்களும் முடிஞ்சிட்டிய." எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர் திரும்பி வந்து, "பையனுக்கு பிக்கப் இருக்கு, இழுவை இல்ல" என்றிருக்கிறார். "பேங்க்ல வேலை பாக்காருண்ணே" என்று தங்கை கண்ணைக் கசக்க, "பேங்கு ரோட்டு மேலதான இருக்கு" என்றாராம். கல்யாணம் நடந்தது. பையன் இன்றுவரை நன்றாகத்தான் குடும்பம் நடத்துகிறான். அண்ணாச்சி மட்டும் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்கிறார்.

வண்டிகளுக்கு அவர் கம்பெனிப் பெயரைச் சொல்லவே மாட்டார். எல்லாம் உறவுமுறைதான். பட்டையான டயரும் பளபளப்புமாக, உள்ளே டிவி மாதிரி திரையோடு வருகிறதே, அது 'மாப்பிள்ளை'. சின்னதாக, எடை குறைவாக, பெட்ரோலில் ஓடுவது 'மதினி'. பெட்டி மாதிரி உயரமாக, காற்று இழுக்கும் குழாயை மூக்கு மாதிரி ஓரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு வருவது 'சம்பந்தி'. ஏன் சம்பந்தி என்று கேட்டேன். "மரியாதையா நடத்தணும். வந்துட்டாவன்னா லேசுல திருப்ப முடியாது."

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் புதிதாக மாப்பிள்ளையை வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் காட்ட வந்தார். பாராட்டு வேண்டும் மனிதருக்கு. அண்ணாச்சி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார், குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார், பானெட்டில் கைவைத்து வண்டியிடமே பேசினார். "எஞ்சின் நல்ல எஞ்சின்யா ஒனக்கு. தண்ணிக்குள்ள போவ, மேட்டுல ஏறுவ. ஆனா ஒடம்பு கனம், டயரு அகலம். கரிசல்ல இறங்கிராத, என்ன?" முதலாளி மூன்று மாதம் பேசவில்லை. நாலாவது மாதம் ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுக்குள்ளிருந்து போன் வந்தது. அண்ணாச்சி கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி ஊரில் உள்ள வண்டியை எல்லாம் முகத்துக்கு நேரே வெளுத்து வாங்குகிறவர், தன் ஜீப்பை மட்டும் ஒரு சொல் சொல்லவிட மாட்டார். அது 'அது' இல்லை, பெரியவர்களைச் சொல்லுகிற மாதிரி 'அவிய'. "அவிய இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்காவ" என்பார். அதனிடம் குறையே இல்லை என்று அவர் சொன்னதும் இல்லை. குறையைச் சொல்ல வேண்டுமென்றால் பத்தடி தள்ளி வந்து, குரலைத் தாழ்த்திச் சொல்வார். பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது என்பதை வாசலில் சொல்லாமல், என் மேஜை வரை வந்து காதில் சொல்லுவார். ஏதோ வீட்டில் மூத்தவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்லுகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று செருப்புச் சோதனை. மழைக்குப் பிறகு பாதை போகலாமா என்று பார்க்க, ரப்பர் செருப்போடு கரிசலில் பத்து எட்டு நடப்பார். செருப்பு காலோடு திரும்பி வந்தால் வண்டி போகும். செருப்பு அங்கேயே நின்றுவிட்டால் அன்றைக்கு யாரும் போகக் கூடாது. வருஷத்துக்கு ஐந்தாறு ஜோடியாவது கரிசலுக்குக் கொடுத்திருப்பார்.

அந்த வருஷம் கோயம்புத்தூரிலிருந்து புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், தங்கமானவர், ஆனால் வீடியோ பார்க்கிறவர். ஆபீசுக்கே சொந்தமாக ஒரு நாலுசக்கர இழுவை வண்டி வாங்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. எதை வாங்குவது என்று ராத்திரி பகலாகப் பார்த்துத் தலை வீங்கிப் போயிருந்தார்.

"இத பாருங்க அண்ணாச்சி, பாறை மேல எப்படி ஏறுதுன்னு."

"நம்மகிட்ட பாறை எங்கன சார் இருக்கு? பாறைன்னா முடியாதுன்னு திருப்பி அனுப்பிரும். கரிசல் உள்ள வான்னு கூப்பிட்டுட்டு விடாது."

மேனேஜருக்கு அது பிடித்துப் போயிற்று. "அப்ப நீங்களே எல்லா வண்டியவும் ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டது எழுதிக் கொடுத்துருங்க. உங்க ஜீப்பையும் சேர்த்துக்குங்க. உங்களுதே தேவலாம்னா, வாங்குறத ஒரு வருஷம் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பிழைப்பைத் தானே மார்க் போட்டு முடித்துவை என்று ஒரு மனிதரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? அண்ணாச்சி, "ஆட்டும் சார்" என்று ஒப்புக்கொண்டார்.

தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, மாப்பிள்ளை, மதினி, சம்பந்தி மூன்றையும் நாகலாபுரம் பக்கம் ஒரு காற்றாலைக்குப் போகும் பாதையில் கொண்டுபோய் நிறுத்தினோம். முந்தின இரண்டு நாளும் மழை. அண்ணாச்சி செருப்போடு நடந்தார். ஏழாவது எட்டில் வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

"நாளைக்குப் பாப்போம் சார்."

"காய்ஞ்ச அப்புறம் பார்த்தா டெஸ்ட் எதுக்குங்க?"

அண்ணாச்சி கால் சேற்றைப் புல்லில் தேய்த்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

முதலில் மாப்பிள்ளை. உறுமிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து மேனேஜர் கைதட்டினார். அகல டயர் மண்ணை அள்ளி அள்ளி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் நாலு சக்கரமும் நாலு களிமண் உருண்டை. ஒன்றும் சுற்றவில்லை. அதைச் சுரண்டி எடுத்துப் பின்னால் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று.

மதினி, சும்மா சொல்லக் கூடாது, கோழி நடக்கிற மாதிரி மேலாக நடந்து காற்றாலை வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். மேனேஜர் அப்போதே ஆர்டர் போடத் தயார். "இருங்க சார்" என்று அண்ணாச்சி எங்கள் சாமான்களை ஏற்றினார். கயிறு, ஆயில் டின், ஸ்பானர் பெட்டி. எல்லாம் ஏறின பிறகு வண்டியில் டிரைவரும் இன்னொரு ஒல்லி ஆளும் உட்காரலாம். எங்கள் ஆபீசில் ஒல்லி ஆள் கிடையாது.

கடைசியில் சம்பந்தி. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதைச் சேர்த்துப் பூட்டி இழுக்க வைக்கிற வசதி அதில் முன்னும் பின்னும் உண்டு. சாமானும் ஆறு ஆளுமாக, எதையும் சட்டை பண்ணாமல் நேராகப் போய்விட்டது. வினை திரும்பும்போதுதான் வந்தது. காற்றாலையைச் சுற்றித் திரும்ப அதற்கு ஒரு காடே வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒரு பருத்திக்காடும் இருந்தது. பருத்திக்குள் இறங்கி, கதவு வரை உட்கார்ந்துவிட்டது.

தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வந்த காட்டுக்காரம்மா, களைக்கொத்தியைத் தோளில் வைத்தபடி வந்து நின்றார். "என்ன அண்ணாச்சி, என் பருத்திக்குள்ள வீட்டக் கொண்டாந்து வச்சிருக்கிய?"

"வண்டி தாயி."

"எத்தன சக்கரம் இழுக்கும்?"

"நாலும் இழுக்கும்."

"பின்ன இழுக்க வேண்டியதான?"

அண்ணாச்சி குனிந்து சக்கரத்தைப் பார்க்கப் போய்விட்டார். டிராக்டர் இருந்தால் கொடுங்கள் என்று மேனேஜர் கெஞ்ச, "அதையும் உள்ள விட்டுட்டு நான் எங்கன போவேன்? ரெண்டு வெயில் விழட்டும்" என்று போய்விட்டார். நான் அண்ணாச்சியிடம், உங்கள் ஜீப்பைக் கொண்டுவந்து இழுக்கலாமே என்றேன். "செருப்பு வரல பாத்தியள்ல. அவியளுக்கு வயசாயிட்டு தம்பி" என்றார். இரவல் வண்டிக்கு ஒரு நியாயம், அவியளுக்கு ஒரு நியாயம்.

இரண்டு வெயில் விழுந்தது. மூன்றாம் நாள் போனபோது, காட்டுக்காரம்மாவும் களையெடுக்க வந்த பெண்களும் சம்பந்தியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் ஒரு தூக்குச்சட்டி தொங்கியது. அண்ணாச்சி நடந்தார், செருப்பு காலோடு வந்தது. பிறகு ஜீப்பை உள்ளே விட்டு, கீழே இறங்கி, முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்படி அவற்றின் பூட்டைக் கையால் திருகி, கயிறு கட்டி, சின்ன கியரில் போட்டார். அவிய ஒரு தடவை இருமினார்கள். அந்த ஒல்லி டயர்கள் மேல்சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பிடித்தன. சம்பந்தி எழுந்து பின்னாலேயே வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டிருப்பேன், தெரியாததால் போடவில்லை.

"உங்க ஜீப்புதானுங்க ஜெயிச்சுது" என்று மேனேஜர் அண்ணாச்சியின் கையைப் பிடித்தார். "இதையே எழுதிக் குடுங்க. நான் மேல பேசிக்கறேன்." எனக்கு உயிர் வந்தது. நோட்டைத் திறந்தேன். அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, வாங்க என்று தலையசைத்தார். பத்தடி போனோம், நிற்கவில்லை. பாதை திரும்பி ஜீப் மறையும் வரை கூட்டிப்போனார்.

"எழுதுங்க. பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சாத்தான் கேக்கும். பெல்ட் கெடையாது. மேல துணிக்கூரை, கவுந்தா ஆளக் காப்பாத்தாது." இவ்வளவையும் ரகசியக் குரலில் சொன்னார்.

"அண்ணாச்சி, இதை எழுதினா வாடகை போயிரும்."

"தெரியும்."

"பின்ன?"

"காத்தாடி மேல ஏறி இறங்குத பயலுவ திரும்பி வரும்போது அசந்து தூங்கிருதானுவ தம்பி. தூங்குதவன பெல்ட் இல்லாத வண்டியில எத்தன நாளைக்குக் கொண்டாருவேன்? ரோட்டுக்கு ஏறுத எடத்துல லாரிக்காரன் பாத்தா வாரான்?"

நான் எழுதினேன். பிரேக் சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பிரேக்கு?" என்றார். எழுதினேன். கோபத்தில் அழுத்திய அழுத்தில் எழுத்து அடுத்த பக்கத்திலும் பதிந்தது.

"நல்லதும் சொல்லணும்ல" என்று விறுவிறுவென்று ஜீப்பிடம் திரும்பிப் போனார். பானெட்டில் கைவைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எழுதுங்க தம்பி. ஒல்லி டயரு, சேத்த அறுக்கும். பாரம் கம்மி. என்ன கோளாறுன்னாலும் ஒத்த ஸ்பானர்ல சரியாயிரும். சம்பந்தியவே தூக்கி விட்டாவ. எழுதிட்டியளா? வாசிங்க, சத்தமா வாசிங்க." காட்டுக்காரம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்க்க, நான் நடுக்கரிசலில் நின்று ஒரு ஜீப்புக்குப் பாராட்டுரை வாசித்தேன்.

அண்ணாச்சியின் தீர்ப்பு ஆபீசில் இன்னும் இருக்கும்: 'சம்பந்தியை வாங்கவும். ஒவ்வொரு காற்றாலைக்கும் பக்கத்தில் அது திரும்பச் சரளைக்கல் தளம் போடவும். செருப்பு வராத நாளில் எந்த வண்டியும் போகக் கூடாது.' அப்படியே வாங்கினார்கள், அப்படியே தளமும் போட்டார்கள். மேனேஜர் மேலிடத்தோடு சண்டை போட்டு அண்ணாச்சியையே அதற்கு டிரைவராகப் போட்டார். சாயங்காலம் சம்பந்தியை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு. ஆனால் அவர் அதை அடுத்த தெருவில் ரேஷன் கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்துதான் போவார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். "வாசல்ல அவிய நிக்காவ. பாத்தா என்ன நெனைப்பாவ" என்றார்.

நான் இப்போது மதுரையில் இருக்கிறேன். என்னைப் போலவே ரோட்டில் மட்டும் போகிற ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறேன். போன வாரம் அது கியர் மாற்றும்போது முனகியது. மெக்கானிக் வந்து, "என்ன சார் கம்ப்ளெயின்ட்?" என்று வாசலிலேயே கேட்டார். அவர் கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், அவியளுக்குக் கேட்கக் கூடாதல்லவா.